கோடி ரோட்ஸின் பட்டம்: 2023இலா, 2024இலா?

WWE மல்யுத்தத்தில் ரோமன் ரெய்ன்ஸிடமிருந்து கோடி ரோட்ஸ் சாம்பியன் பட்டத்தை 2023இன் வருடாந்தப் பெருநிகழ்வான ரெசில்மேனியா 39இலேயே பறித்திருக்க வேண்டும் என்பது திருகோணமலை உட்துறைமுக வீதிச் சலூனில் இன்றும் ஓயாத வாதம். மார்புத் தசை கிழிந்து, குணமாகி, 2023 ஜனவரியில் ரெசில்மேனியா பட்டப் போட்டிக்கு வாய்ப்புத் தரும் ரோயல் ரம்பிளை வென்ற கோடிக்கு அந்த வெற்றி இயல்பாகவே பொருந்தியிருக்கும். நடுவர் கவனிக்காத கணத்தில் ரெய்ன்ஸின் கூட்டாளி சோலோ சிகோவா பெருவிரலால் கோடியின் தொண்டையில் குத்தியதோடு அது கைநழுவியது.

ஆனால் 2024 ஏப்ரலில் பிலடெல்பியாவில் நடந்த அடுத்த ரெசில்மேனியாவில் கிடைத்த வெற்றியின் கனமே வேறு. இடையில் முன்னாள் நட்சத்திரம் த ரொக், ரெய்ன்ஸுடன் மோதும் வாய்ப்பைத் தான் எடுத்துக்கொள்ளப் பார்த்ததும், இரசிகர்கள் கொதித்தெழுந்ததும், ரெய்ன்ஸின் 1,316 நாள் பட்ட ஆட்சி முடிந்த இரவில் மூத்த நட்சத்திரங்களான ஜோன் சீனாவும் அண்டர்டேக்கரும் கோடிக்காக வந்திறங்கியதும் ஓராண்டுத் தாமதம் இல்லாமல் வாய்த்திருக்காது. தந்தை டஸ்டி ரோட்ஸுக்குக் கிட்டாத பட்டம் என்ற உருக்கம் இரண்டு தெரிவுகளுக்கும் பொது. எனது வாக்கு 2024க்கே. இடையில் புரொக் லெஸ்னருடன் மூன்று முறை மோதவிட்டது மட்டும் வெறும் நேரங்கடத்தல்தான்.