தரங்கம்பாடிக்கு வாடகை வேன்: மூன்று நட்சத்திரம்

அம்மா போர்டிங்கில் படித்து, திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்றவங்க வளர்ந்ததும் சபை முன் விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு) எடுத்த ஊரை மறுபடி பார்க்கணும்னு ஆசைப்பட்டாங்க. மயிலாடுதுறையில் ஒரு வேன் பேசினோம். டிரைவர் தம்பி தங்கமான பிள்ளை. வயசானவங்க ஏறி இறங்க ஒரு முக்காலியை வண்டியிலேயே வைத்திருக்கிறார். ஏசி மட்டும் சும்மா பேருக்கு.

ஊருக்குத் தனியாக மார்க் போடச் சொன்னால் ஐந்துக்கு ஐந்து. ஜெர்மன் லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு 1706-ல் வந்து இறங்கிய ஊர்; தமிழில் புதிய ஏற்பாடு 1715-ல் அச்சேறியதும் இங்கேதான். 1718-ல் பிரதிஷ்டையான புதிய எருசலேம் ஆலயத்துக்குள்ளேயே அவருடைய கல்லறை இருக்கிறது. அம்மா பெஞ்சில் உட்கார்ந்ததும், யாரும் கேட்காமலே மார்ட்டின் லுத்தரின் ஞானோபதேசத்தை (பத்துக் கட்டளையில் தொடங்கி, கேள்வி பதிலாக மனப்பாடம் செய்யும் வேதபாடம்) ஒப்பிக்க ஆரம்பித்தாங்க. ஆறாம் கட்டளை வரை ஒரு தட்டு இல்லை. ஏழில் நான் எடுத்துக் கொடுத்தேன். நமக்கெல்லாம் அடி வாங்கியும் நாலுக்கு மேல் நின்றதில்லை!

டேனிஷ் கோட்டைக்கு வெயில் தாழப் போங்கள், மணல் சுடும். வண்டி பேசும்போதே வெயிட்டிங் சார்ஜ் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். எங்களிடம் இறங்கும்போதுதான் சொன்னார்கள். இரண்டு நட்சத்திரம் அதனால் போச்சு.