சைலன்சரை மாற்றலாமா, கியர் ஆயிலை மாற்றலாமா?

செகண்ட் ஹேண்டில் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் கார் எடுப்பவர்களுக்கு முதல் மாதமே கை அரிப்பது எக்ஸாஸ்டை, அதாவது சைலன்சரையும் புகைக் குழாயையும் மாற்றத்தான். 2017-ல் வந்த 230 குதிரைத்திறன் வண்டி, சத்தம் மட்டும் அடக்க ஒடுக்கம். (இதைப் போய் ஸ்போர்ட்ஸ் கார் என்கிறாயே என்று முறைப்பவர்கள் ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்து முறைக்கவும்.) கையில் உள்ள பணம் ஒரு வேலைக்குத்தான் போதும் என்றால் என் ஓட்டு கியர் ஆயிலுக்கு. ஆனால் சைலன்சர் கட்சியின் வாதத்தையும் கேட்டுவிடலாம்.

கடையில் இரண்டு வகை காட்டுவார்கள். கேட்-பேக் என்றால் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் குழாயும் மஃப்ளரும் (சத்தத்தை அடக்கும் டப்பா) மட்டும் மாறும். டவுன்பைப் என்றால் டர்போவை (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் பாகம்) ஒட்டி, கன்வெர்ட்டரோடு இருக்கும் குழாயே மாறும். டர்போ வண்டிக்கு மூச்சு முட்டுவது பெரும்பாலும் அந்த முன்பக்கத்தில்தான். அதனால் கேட்-பேக் போட்டால் காதுக்கு விருந்து, காலுக்கு ஒன்றுமில்லை. டவுன்பைப்போடு ஈசியூ (எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர்) ட்யூனும் செய்தால் வித்தியாசம் நிஜமாகவே தெரியும். அப்புறம் தலைவலியும் வரும். கன்வெர்ட்டரை எடுத்துவிட்டால் அதன் பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் சும்மா விடாது, செக் எஞ்சின் விளக்கு எரியும். மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்படி ஒலி, புகை வரம்பை மீறினால் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ, 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். லைசென்ஸும் 3 மாதம் போய்விடும்.

வடசென்னைக்கென்று இன்னொரு கணக்கு இருக்கிறது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை உப்புக்காற்று. சாதா இரும்புக் குழாயில் கறுப்புப் பெயின்ட் அடித்துக் கொடுத்தால் வெல்டு ஓரத்திலேயே துரு ஆரம்பித்துவிடும். 304 ஸ்டெயின்லெஸ் என்று கேட்டு வாங்குங்கள். 409 என்கிற மலிவான ஸ்டெயின்லெஸ் ரகம் மேலே பழுப்பேறினாலும் சாதா இரும்பைவிடத் தாங்கும், ஆனால் அதை 304 விலைக்கு வாங்கக் கூடாது. பாக்கெட்டில் ஒரு காந்தத்தைப் போட்டுக்கொண்டு போங்கள். 409-ல் பச்சக்கென்று ஒட்டும். 304-ல் ஒட்டாது, வளைவுகளில் வேண்டுமானால் லேசாக இழுக்கும். குழாய் கம்பெனி உயரத்தைவிடக் கீழே தொங்கினால் தண்டையார்பேட்டை ஸ்பீட் பிரேக்கர்களே தீர்ப்பு எழுதிவிடும்.

சரி, ஆயில். இந்த வண்டியில் இருப்பது ஆறு கியர் டிஎஸ்ஜி, அதாவது இரண்டு கிளட்ச் வைத்துத் தானாகவே கியர் மாற்றும் பெட்டி. இரண்டு கிளட்ச்சும் ஆயிலுக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கும், கியர்களுக்கும் அதே ஆயில்தான். டி.எச். ரோட்டிலோ மணலி பக்கமோ கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டே போகும்போது கிளட்ச் பாதி பிடித்தும் பிடிக்காமலும் உரசும். அந்தச் சூடும் தேய்மானப் பொடியும் போய்ச் சேருவது இந்த ஆயிலில். 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது கம்பெனி. நம் பக்கத்து நெரிசலிலேயே ஓடுகிற வண்டி என்றால் நான் 40,000-த்திலேயே மாற்றச் சொல்வேன். பழைய வண்டியில் ரெக்கார்டு இல்லையென்றால் யோசிக்கவே வேண்டாம்.

மெக்கானிக் தேர்வுதான் இதில் முக்கியம். வண்டியை லிஃப்டில் சமமாக நிறுத்தி, கீழிருந்தே ஹோஸ் வைத்து ஆயில் ஏற்ற வேண்டும். சுமார் 5 லிட்டர் பிடிக்கும், ஃபில்டரும் புதிது. பிறகு எஞ்சினை ஓடவிட்டு, வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைக்கிற ஸ்கேனரில் ஆயில் சூடு 35-லிருந்து 45 டிகிரிக்குள் காட்டும்போது அதிகப்படி ஆயில் அடியில் வழிந்து, சொட்டுச் சொட்டாகக் குறைகிற நேரத்தில் போல்ட்டை மூட வேண்டும். அதற்கு மேல் சூடாக்கிப் பார்த்தால் ஆயில் விரிந்து கூடுதலாக வழிந்துவிடும், பெட்டியில் அளவு குறையும். ஸ்கேனர் இல்லாமல் "எல்லாம் கை பழக்கம் சார்" என்பவரிடம் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

டப்பாவில் 'ரேஸ்' என்று எழுதியிருந்தால் உசத்தி என்று நினைக்காதீர்கள். கிளட்ச் பிடிமானத்துக்கென்றே கலந்த ஆயில் இது, கம்பெனி சொன்ன ஸ்பெக்கைத் தாண்ட வேண்டாம். உசத்தி ஆயில்தான் எல்லாப் பெட்டிக்கும் ஒத்துவரும் என்றில்லை: ஸ்கோடாவின் தாய்க் கம்பெனி ஃபோக்ஸ்வாகனே 2013-ல் வேறு ரகமான ஏழு கியர் டிஎஸ்ஜி வண்டிகளைத் திரும்ப அழைத்து, சிந்தெடிக்கை எடுத்துவிட்டு மினரல் ஆயில் ஊற்றியது. மேனுவல் வண்டிக்காரர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. ஜிஎல்-4 தர ஆயில் கேட்கிற பெட்டியில் ஜிஎல்-5 தர ஆயில் ஊற்றினால், கியர் உரசாமல் விழ உதவும் பித்தளை சின்க்ரோ வளையங்களை அது அரிக்கக்கூடும்.

ஆயில் மாற்றியதை யாரிடமும் பீற்றிக்கொள்ள முடியாது என்பது உண்மைதான். இரண்டாவது கியருக்கு இறங்கும்போது வந்த அந்த இடிப்பு குறைந்தால் ஓட்டுகிறவருக்கு மட்டும்தான் தெரியும். சில கேட்-பேக் செட்டுகளில் 2,000 ஆர்பிஎம் தாண்டியதும் வருகிற இரைச்சல் பின்சீட்டில் இருக்கும் அம்மாவுக்கும் தெரியும்.

ரெக்கார்டு பக்காவாக இருந்து, ஆயில் மாற்றி அதிக நாள் ஆகவில்லை என்றால் தாராளமாக கேட்-பேக் போடுங்கள். வெட்டி வெல்டு வைக்காமல் கிளாம்பில் பூட்டுகிற செட்டாக வாங்குங்கள். கழற்றிய ஒரிஜினல் சைலன்சரை மட்டும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள், வண்டியை விற்கும்போது வாங்குகிறவர் முதலில் கேட்பது அதைத்தான்.