வாசக டி-ஷர்ட்டுகள்: சிரிப்பு எங்கே மடிகிறது?

‘இந்த வரியில் ஐந்து சொற்கள் உள்ளன.’ எண்ணிப் பாருங்கள், சரியாக ஐந்து. மூன்று டிசைன்களில் அருமையானது இதுதான். ஆனால் சிறிய அளவுச் சட்டையில் அச்சு மடிந்து மேலே மூன்று சொல், கீழே இரண்டு என்றாகிவிடுகிறது. வாசகமே பொய்யாகி, சிரிப்பு எடுபடாமல் போகிறது. எழுத்தைச் சிறிதாக்கியாவது ஒரே வரியில் அடித்திருக்க வேண்டும். எக்ஸ்எல் அளவில் இந்தச் சிக்கல் இல்லை.

இரண்டாவது, ‘இந்த வரிக்கு வரி இல்லை’. சொல்லைப் பிரிக்காமலே இரு பொருள் தரும் செம்மொழிச் சிலேடை. எப்படி மடிந்தாலும் தாங்கும்.

மூன்றாவது, கரும்பலகை நிறையக் கைகள் வரைந்து, அடியில் ‘பலகை’. சொல்லைப் பிரித்தால் வேறு பொருள் தரும் நல்ல பிரிமொழிச் சிலேடை. ஆனால் ‘ல’வுக்குப் பின் இடைவெளி விட்டு, விடையை அச்சிட்டவர்களே சொல்லிவிடுகிறார்கள். சேர்த்து அச்சிட்டால்தான் வாசிப்பவர் தானாகப் பிரித்துச் சிரிப்பார்.