லேம்ப் சாப் கைப்பொம்மை: வாங்கும் முன் உள்ளே கை போகுமா என்று பாருங்கள்

லேம்ப் சாப் என்பது அமெரிக்கத் தொலைக்காட்சியில் பேசிப் பேர் வாங்கிய ஆட்டுக்குட்டிக் கைப்பொம்மை. முதலில் ஒரு எச்சரிக்கை. ஆன்லைனில் 'லேம்ப் சாப்' என்று தேடினால் நிறைய வருவது நாய் கடித்து விளையாடும் பொம்மைதான். அதே வெள்ளை ஆட்டுக்குட்டி, அதே நீள இமை, ஆனால் வயிறு முழுக்கப் பஞ்சு, அமுக்கினால் கீச்சென்று கத்தும், கை நுழைக்க இடமே கிடையாது. நான் முதல் தடவை ஆர்டர் செய்தபோது விவரத்தில் கைப்பொம்மை என்றுதான் போட்டிருந்தார்கள், வந்தது நாய்ப் பொம்மை, அதைத் திருப்பி எடுத்துக்கொள்ள அந்த விற்பனையாளர் மூன்று வாரம் இழுத்தடித்தார். அடுத்த தடவை அடிப்பக்கம் திறந்திருக்கும் படத்தைப் பார்த்த பிறகுதான் பணம் கட்டினேன். கூரியரோடு இரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டது.

இவ்வளவு மெனக்கெட்டது லேம்ப் சாப்பைப் பேச வைத்த அமெரிக்கக் கலைஞர் ஷாரி லூயிஸுக்காக. தொண்ணூறுகளில் நியூ ஜெர்சியிலிருந்து வந்த சித்தி ஒரு வீடியோ கேசட் கொண்டு வந்தார், பெங்களூரு அல்சூர் வீட்டில் அது தேயும்வரை போட்டுப் பார்த்தோம். அந்த அம்மா உதட்டை அசைக்காமல் இந்த ஆட்டுக்குட்டியைப் பேச வைப்பார், அதுவும் ஆறு வயதுப் பெண் குழந்தையின் பிடிவாதத்தோடு. 1933இல் நியூயார்க்கில் பிறந்தவர், அப்பா மேஜிக் நிபுணர். 1956இல் 'கேப்டன் கங்காரு' என்ற குழந்தைகள் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் லேம்ப் சாப்போடு வந்தார், 1960இல் என்.பி.சி. தொலைக்காட்சியில் சொந்த நிகழ்ச்சி, 1963இல் அதை நிறுத்திவிட்டார்கள். அவர் நிறுத்தவில்லை. இங்கிலாந்துக்குப் போய் பி.பி.சி.யில் செய்தார், புத்தகங்கள் எழுதினார், இசைக்குழுக்களை நடத்தினார், அறுபதை நெருங்கும் வயதில் 1992இல் பி.பி.எஸ். தொலைக்காட்சியில் மறுபடியும் குழந்தைகளுக்காக வந்து உட்கார்ந்தார். நாங்கள் பார்த்தது அந்தத் தொடர்தான். 1993இல் குழந்தைகள் தொலைக்காட்சி பற்றி அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் சாட்சி சொன்னபோது லேம்ப் சாப்பையும் பேச வைத்தார். 1998இல் புற்றுநோயில் போய்விட்டார், இப்போது மகள் மேலரி அந்த ஆட்டுக்குட்டியோடு மேடை ஏறுகிறார்.

சரி, பொம்மைக்கு வருகிறேன். துணி மெத்தென்று இருக்கிறது, வாயின் உள்பக்கம் தையல் சுத்தம். நாலு விரல் மேல் தாடையில், கட்டைவிரல் கீழே. அந்தக் கட்டைவிரல் பை என் கைக்குக் கொஞ்சம் அகலம், வேகமாகப் பேச வைத்தால் தாடை நழுவுகிறது, உள்ளே ஒரு சின்ன எலாஸ்டிக் தைத்த பிறகு சரியானது. இன்னொன்று, வாயைத் திறக்கும்போது மேல் விரல்களைத் தூக்காதீர்கள், கட்டைவிரலை மட்டும் இறக்குங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு சொல்லுக்கும் குட்டி கூரையைப் பார்க்கும்.

பேச வைப்பதுதான் பெரிய வேலை. ப, ம இரண்டும் உதடு ஒட்டாமல் வராது, வ சொல்லக் கீழுதடு பல்லைத் தொட வேண்டும். தமிழ்க் குழந்தை முதலில் சொல்கிற அம்மா, அப்பா, மாமா எல்லாம் இந்த வகைதான்! நாக்கு நுனியைப் பல்லுக்குப் பின்னால் வைத்து ப-வுக்கு மெல்லிய த, ம-வுக்கு ந என்று மாற்றிச் சொல்லலாம். 'அந்நா' என்று சொன்னாலும், அசைவது பொம்மையின் வாய் என்பதால் கேட்பவர் காதில் பெரும்பாலும் அம்மா என்றுதான் விழுகிறது. எனக்கு அது சரியாக வர இரண்டு மாதம் ஆனது. அதுவரை நம் நிரோட்டகச் செய்யுள் பாடியவர்கள் செய்ததைத்தான் செய்தேன், உதடு ஒட்டும் எழுத்தே இல்லாமல் வசனம் எழுதினேன். "அக்கா, எனக்கா இட்லி? சட்னி எங்கே?" கண்ணாடி முன் நின்று இதைச் சொல்லிப் பாருங்கள்.

சனிக்கிழமை மாடியில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறேன். தமிழும் கன்னடமும் கலந்து பேசுகிற கூட்டம். ஆறு வாரமாக வாயே திறக்காத கீழ்வீட்டுப் பையன் போன வாரம் நேராக வந்து குட்டியின் காதில் ஏதோ சொன்னான். நான் குனிந்தேன். "உங்ககிட்ட இல்ல ஆன்ட்டி" என்றான்.

மூன்று வயதுக்குக் கீழே என்றால் கையில் கொடுக்காதீர்கள், இமை ஒட்டியிருப்பதுதான், தைத்ததில்லை, பிய்த்து வாயில் போட்டுக்கொள்வார்கள். வந்த அன்றே நாலு தையல் போட்டுவிடுங்கள். வாஷிங் மெஷின் வேண்டாம், கையால் அலசி நிழலில் காயப்போட்டால் போதும்.