பதக்கப் பட்டை யாருடையது? ஜெர்மன் ஆவணக் காப்பகங்களின் தேடல் சேவை: ஒரு மதிப்பீடு

ஜெர்மனியின் கூட்டாட்சி ஆவணக் காப்பகமான புன்டெஸ்ஆர்கிவுக்குப் படம் எடுத்து அனுப்பினால், ஒருவர் பெற்ற பதக்கங்களை வரிசையாகக் கோத்து அணியும் பதக்கப் பட்டை யாருடையது என்று கண்டுபிடித்துச் சொல்வார்கள் என்ற நம்பிக்கை சேகரிப்பாளர்களிடம் பரவலாக இருக்கிறது. அந்த நம்பிக்கையோடு போனால் ஏமாற்றம்தான். பெயரைக் கொடுத்தால் கோப்பைத் தேடித் தருவார்கள். பதக்கங்களைக் கொடுத்தால் பெயரைத் தர மாட்டார்கள். முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் பதக்கங்களில் விளிம்பிலேயே வீரரின் பெயர் பொறித்திருக்கும். ஜெர்மன் இரும்புச் சிலுவையில் அப்படி எதுவும் கிடையாது. பட்டையிலிருந்து பெயர் வரைக்குமான வேலை முழுக்க நம்முடையது. காப்பகத்தின் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

அன்றைய ஜெர்மன் பேரரசில் பிரஷ்யா, பவேரியா, சாக்சனி, வுர்ட்டெம்பெர்க் ஆகிய அரசுகளுக்குத் தனித்தனிப் படைகள் இருந்தன. எந்தக் காப்பகம் என்பதைப் பட்டையே காட்டிக்கொடுக்கும். 1914 இரும்புச் சிலுவையின் இரண்டாம் வகுப்பு எல்லா அரசுகளின் படையினருக்கும் கிடைத்தது. சுமார் 50 லட்சம் வழங்கப்பட்டதாக மதிப்பிடுகிறார்கள். அதனால் அதை விட்டுவிட்டு அடுத்த ரிப்பன்களைப் பாருங்கள். பவேரிய ராணுவத் தகுதி விருதோ சிலுவையோ இருந்தால் மியூனிக் காப்பகம். சாக்சனியின் ஆல்பர்ட் விருது என்றால் டிரெஸ்டன். வுர்ட்டெம்பெர்க்கின் ஃபிரீட்ரிஷ் விருது என்றால் ஸ்டுட்கார்ட். ஹாம்பர்க், பிரேமன், லூபெக் நகரங்களின் ஹான்சியாடிக் சிலுவை மட்டும் வழி காட்டுவதுபோல் காட்டி ஏமாற்றும்: அந்த நகரங்களின் படைப்பிரிவுகள் பிரஷ்யப் படையைச் சேர்ந்தவை.

காலத்தையும் அப்படியே கணிக்கலாம். போர்வீரர்களுக்கான 1914-18 கௌரவச் சிலுவை 1934 ஜூலை 13-இல் நிறுவப்பட்டது. அது இருக்கும் பட்டை அதற்குப் பிறகு கட்டப்பட்டது. ஹிட்லர் காலத்து ஜெர்மன் ராணுவமான வெர்மாக்டின் சேவைப் பதக்கம் இருந்தால் 1936-க்குப் பிறகு. ஸ்வஸ்திகா நீக்கிய வடிவங்கள் இருந்தால், அவற்றை அணிய அனுமதித்த 1957-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் மேற்கு ஜெர்மனியில் அணிந்தவருடையது.

பதக்கங்கள் இல்லாத ரிப்பன் பட்டையில் ஒரு சிக்கல் உண்டு. பவேரியாவில் அதிகாரிகளுக்கான தகுதி விருதும் மற்ற வீரர்களுக்கான தகுதிச் சிலுவையும் போர்க்காலத்தில் ஒரே ரிப்பனில்தான் தொங்கின.  அந்த ரிப்பனை மட்டும் வைத்து, அணிந்தவர் அதிகாரியா இல்லையா என்பதைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

பட்டை மாற்றிக் கட்டப்பட்டதா என்று பார்க்காமல் தேடலைத் தொடங்குவது வீண். ரிப்பன் மடிப்புக்குள் நிறம் அடர்ந்தும் வெளியே மங்கியும் இருக்க வேண்டும். பதக்கம் உரசிய தடம் ரிப்பனிலோ பின்துணியிலோ அந்தந்தப் பதக்கத்தின் வடிவத்தோடு பொருந்த வேண்டும். பழைய தையல் துளைகள் காலியாகத் தெரிந்தால் யாரோ பிரித்திருக்கிறார்கள். புற ஊதா விளக்கில் நூல் பளிச்சென்று வெள்ளையாக ஒளிர்ந்தால் பிற்காலத்து நூலாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் பழைய ரிப்பனை இன்றைய சலவைத் தூளில் துவைத்திருந்தாலும் ஒளிரும்; நவீன நூல்களிலும் ஒளிராதவை உண்டு. இந்த ஒரு சோதனையை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லும் விற்பனையாளரை நம்ப வேண்டாம். பின்துணியில் உள்ள கோடெட், டெஷ்லர் போன்ற லேபிள்கள் பட்டை எங்கே வாங்கப்பட்டது என்பதை மட்டுமே சொல்லும். 1900-01 சீனப் போர்ப் பதக்கத்தில் வெண்கலம் போரிட்டவர்களுக்கு, எஃகு போரிடாதவர்களுக்கு. எஃகுப் பதக்கத்தின் ரிப்பனில் சண்டைப் பெயர் பொறித்த பட்டி இருந்தால் சந்தேகப்படுங்கள்.

பெயரைப் பிடிக்க உண்மையில் கைகொடுப்பது ரங்லிஸ்டெ எனப்படும் அதிகாரிகளின் அச்சுப் பட்டியல். பிரஷ்யப் படையின் 1914 பதிப்பு அந்த ஆண்டு மே 6 நிலவரத்தைக் காட்டுகிறது. வுர்ட்டெம்பெர்க்கின் 13-ஆவது படைத்தொகுதியும் அதில் அடக்கம். ஒவ்வொரு அதிகாரியின் பெயரோடும் அவர் அதுவரை பெற்ற விருதுகள் குறியீடுகளாக இருக்கும். பட்டையில் உள்ள எல்லா விருதுகளையும் அதில் தேடுவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. 1914 இரும்புச் சிலுவை, உலகப் போரில் வாள்களோடு கிடைத்த விருதுகள், கௌரவச் சிலுவை எல்லாம் 1914 மே மாதத்துக்குப் பிறகு வந்தவை. அவற்றைக் கழித்துவிட்டு, எஞ்சும் போருக்கு முந்தைய விருதுகளை மட்டும் பொருத்திப் பாருங்கள்.

சிவப்புக் கழுகு விருதின் நான்காம் வகுப்பும் 25 ஆண்டுச் சேவைச் சிலுவையும் மட்டும் எஞ்சினால் பொருந்துபவர்கள் ஏராளம். அவற்றோடு ஒரு வெளிநாட்டு விருதோ, 1904-06 தென்மேற்கு ஆப்பிரிக்கப் பதக்கமோ இருந்தால் எண்ணிக்கை மளமளவென்று குறையும். இரண்டு வெளிநாட்டு விருதுகள் இருந்தால் ஒரே பெயரில் வந்து நிற்கவும் கூடும். பிறகு முந்தைய ஆண்டுப் பதிப்புகளைப் புரட்டி, அந்த விருதுகள் எந்த வரிசையில் சேர்ந்தன என்று சரிபார்க்கலாம். ரிசர்வ் அதிகாரிகளுக்குப் போருக்கு முன் விருதுகள் குறைவு என்பதால் இந்த முறை அவர்களிடம் பெரும்பாலும் தோற்கும். சாதாரண வீரர்களின் பெயர் ரங்லிஸ்டெயில் கிடையவே கிடையாது.

பெயர் கிடைத்துவிட்டதா? பிரஷ்யர் என்றால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். 1945 ஏப்ரல் 14 இரவு போட்ஸ்டாம் மீது நடந்த விமானத் தாக்குதலில் அங்கிருந்த ராணுவக் காப்பகம் எரிந்தது. பிரஷ்யப் படையின் ஆள்விவரக் கோப்புகள் அதோடு போயின. இழப்பு எவ்வளவு பெரியது என்பது மியூனிக்கைப் பார்த்தால்தான் புரியும். பவேரியப் போர்க் காப்பகத்தில் அதிகாரிகளின் தனிக் கோப்புகளும் போர்க்கால ஆள்பதிவேடுகளும் இருக்கின்றன. பதிவேட்டின் ஒரு வரிசையில் பிறந்த தேதி, ஊர், தொழில், பெற்றோர், கலந்துகொண்ட சண்டைகள், காயங்கள், பெற்ற விருதுகள் எல்லாம் வரும். சாதாரண வீரரின் பட்டையைக்கூட ஆவணத்தோடு ஒப்பிட முடிகிற இடம் இது. ஆன்செஸ்ட்ரி என்ற வம்சாவளித் தளத்தில் இந்தப் பதிவேடுகளின் படங்கள் உள்ளன. பெயர்க் குறிப்புகளில் பழைய கையெழுத்தைத் தவறாகப் படித்தவை நிறைய, எனவே எழுத்துகளை மாற்றி மாற்றித் தேடுங்கள். இந்த எல்லாக் காப்பகங்களிலும் மியூனிக்குக்குத்தான் முதலிடம்.

ஸ்டுட்கார்ட் அடுத்தது. அங்கே எம் 430 தொகுதியில் ஆள்விவரக் கோப்புகள், எம் 707-இல் உருவப்படங்கள். படத்தில் இருப்பவரே பட்டையோடு நின்றால் அதைவிடச் சான்று வேண்டாம். ஜெர்மன் வம்சாவளிச் சங்கமான கம்ப்யூட்டர்கெனியலோகியின் முதல் உலகப் போர் இழப்புப் பட்டியல் (இறந்தவர், காயமடைந்தவர், காணாமல்போனவர்) தேடல் இலவசம், வேகமானது. ஆனால் அதில் விருதுகள் இல்லை; காயமடைந்தவரின் ஊரை உறுதிசெய்ய மட்டும் பயன்படும்.

புன்டெஸ்ஆர்கிவ் தன் பலத்தைக் காட்டுவது வெர்மாக்ட் காலத்துப் பட்டைகளில். அதிகாரிகளின் கோப்புகள் ஃபிரைபுர்க்கில், பெர்ஸ் 6 தொகுதியில். இன்வெனியோ இணையத் தேடலில் பெயர் தட்டுப்பட்டால் கோப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வெர்மாக்ட் வீரர்களின் இழப்புகளையும் சிறைப்பிடிப்புகளையும் பதிய 1939-இல் தொடங்கிய, வாஸ்ட் எனப்படும் பெர்லின் அலுவலகம் 2019-இல் இந்தக் காப்பகத்தோடு இணைந்தது. அங்கே ஒரு கோடியே 80 லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகள் இருக்கின்றன. படைப்பிரிவு, அடையாளத் தகடு, காயம், சிறைப்பிடிப்பு ஆகியவற்றுக்கு அவை சிறந்தவை. விருதுகளுக்கு அப்படிச் சொல்ல முடியாது.

எழுதும்போது முழுப்பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், தெரிந்த படைப்பிரிவு நான்கையும் ஜெர்மன் மொழியில் கொடுங்கள். பிறந்த தேதி இல்லாத வேண்டுகோள் ஒரே பெயர்க்காரர்களின் குவியலில் மாட்டிக்கொள்ளும். பதிலுக்கு மாதக்கணக்கில் காத்திருக்கத் தயாராக இருங்கள். காப்பகச் சட்டப்படி, தனிநபர் கோப்பு பொதுவாக அவர் இறந்து 10 ஆண்டுகள் கழித்தே திறக்கும். இறந்த தேதி தெரியாவிட்டால் பிறந்து 100 ஆண்டுகள் ஆக வேண்டும். பிறந்து 100 ஆண்டுகள் ஆகாதவர் என்றால் இறப்புச் சான்றையும் சேர்த்தே அனுப்புவது நல்லது.