உள்ளாட்சிப் பொறுப்பாளர்களுக்கான அறநெறிப் பயிற்சி: தேர்தல் நிதிப் பாடம் குறித்து ஒரு மதிப்புரை

கலிஃபோர்னியாவில் ஊதியமோ செலவுத் தொகையோ பெறும் உள்ளாட்சிப் பொறுப்பாளர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை, இரண்டு மணி நேரம் அறநெறிப் பயிற்சி பெற்றாக வேண்டும். 2005-இல் நிறைவேறிய ஏபி 1234 என்ற சட்டம் விதித்த கடமை இது. எங்கள் நகரத்தின் திட்டக் குழுவில் நியமன உறுப்பினராக இருக்கும் நான், நகர நிர்வாகம் ஒரு தனியார் நிறுவனத்திடம் கட்டணம் செலுத்தி ஏற்பாடு செய்த இணையவழிப் பயிற்சியை அண்மையில் முடித்தேன். பரிசுகள், பயணச் செலவு, பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்க வேண்டிய கூட்டங்கள் ஆகியவை பற்றிய பாடங்கள் குறை சொல்ல முடியாதவை. அரசுக் கட்டடங்களில் தேர்தல் நிதி திரட்டுவது பற்றிய பாடத்தை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். நல்ல எண்ணம் உள்ளவர்களும் தெரியாமல் தவறிவிடும் இடம் அதுதான்.

பாடத்தின் முதல் பாதி உண்மையிலேயே சிறப்பானது. துறைத் தலைவர் ஒருவர் தம் கீழ் வேலை பார்க்கும் எழுத்தரிடம் தேர்தல் நிதி திரட்டும் விருந்துக்கு நுழைவுச் சீட்டு வாங்கச் சொல்லும் காட்சியுடன் அது தொடங்குகிறது. அவர் மிரட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை, நயமாகத்தான் கேட்கிறார். ஆனாலும் எழுத்தரின் பதவி உயர்வுக் கோப்பு அந்தத் தலைவரின் மேசையில் இருக்கும் வரை, அவருக்கு "வேண்டாம்" என்று சொல்லும் உரிமை பெயரளவில்தான் இருக்கிறது என்பதைப் பயிற்சி தெளிவாக உணர்த்துகிறது. அரசாங்கச் சட்டத் தொகுப்பின் 3205-ஆம் பிரிவு, ஓர் உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பாளரோ ஊழியரோ அதே அமைப்பின் ஊழியரிடம், அவர் ஊழியர் என்று தெரிந்தே, நேரடியாகவோ மறைமுகமாகவோ அரசியல் நன்கொடை கேட்பதைக் குற்றமாக்குகிறது. பொதுமக்களில் கணிசமான ஒரு பிரிவினருக்கு அனுப்பப்படும் வேண்டுகோள் தற்செயலாக ஊழியர்களையும் சென்றடைந்தால் அது குற்றமாகாது. ஊர் முழுவதற்கும் அனுப்பிய அழைப்பிதழையும், ஊழியர் பட்டியலைப் பார்த்து அனுப்பிய அழைப்பிதழையும் அருகருகே காட்டி இந்த வேறுபாட்டை விளக்கியிருப்பது பாராட்டுக்குரியது. அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் ஊழியர்கள் தங்கள் சம்பளத்தில் ஒரு பங்கைக் கட்சிக்குக் கட்டாயமாகக் கொடுத்துவந்த காலத்தையும், 1881-இல் அதிபர் கார்ஃபீல்டு பதவி கிடைக்காத ஒருவனால் சுடப்பட்ட பிறகு 1883-இல், அரசு வேலையைக் கட்சிச் செல்வாக்கிலிருந்து விலக்க முனைந்த பெண்டில்டன் சட்டம் வந்ததையும் இரண்டு நிமிடங்களில் சொல்லிவிடுகிறார்கள்.

இடம் பற்றிய பகுதிக்கு வந்ததும் பயிற்சி தளர்ந்துவிடுகிறது. "நகரக் கட்டடத்தில் நிதி திரட்டாதீர்கள்" என்ற ஒரே வரியை ஒரு பக்கத்தில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்த விதி எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு விடை இல்லை. மாநிலச் சட்டமன்றக் கட்டடத்திலும் மாநில அரசு அலுவலகக் கட்டடங்களிலும் நன்கொடையை நேரில் கொடுப்பதையும் பெறுவதையும் அதே தொகுப்பின் 84309-ஆம் பிரிவு தடுக்கிறது. உள்ளாட்சி அமைப்புகள் தங்கள் வளாகத்திலும் வேலை நேரத்திலும் அரசியல் நடவடிக்கைகளைத் தாங்களே விதி வகுத்துக் கட்டுப்படுத்த 3207-ஆம் பிரிவு அதிகாரம் அளிக்கிறது. அதனால் ஒவ்வொரு நகரத்தின் விதியும் வேறுபடலாம். மாநிலம் முழுவதற்கும் ஒரே பாடத்தை விற்கும் நிறுவனம் எங்கள் நகரத்தின் விதியை அறிந்திருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் "உங்கள் நகர விதியை நகர வழக்கறிஞரிடம் கேட்டுப் படியுங்கள்" என்ற ஒரு வாக்கியமாவது இருந்திருக்க வேண்டும்.

கூட்டம் முடிந்து நடைகூடத்தில் ஒருவர் காசோலையை நீட்டினால் என்ன செய்வது? வெளியிலிருந்து அனுப்பும் நன்கொடைக் கடிதம் அலுவலக முகவரிக்கு வந்துசேர்ந்தால் அது எங்கே கேட்கப்பட்டதாகக் கருதப்படும்? அன்றாடம் எழும் இந்தக் கேள்விகளைப் பயிற்சி தொடவே இல்லை. இரண்டாவது கேள்வி மிகப் பழையது. டல்லஸ் நகர அஞ்சல் கட்டடத்தில் வேலை செய்த கூட்டாட்சி ஊழியருக்கு வெளியிலிருந்து நன்கொடைக் கடிதம் அனுப்பிய தேயர் என்பவரின் வழக்கில், கடிதம் பெறப்பட்ட இடத்திலேயே வேண்டுகோள் நிகழ்ந்தது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1908-இல் தீர்ப்பளித்தது. அது கூட்டாட்சி அரசுக் கட்டடங்களில் நன்கொடை கேட்பதைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டத்தைப் பற்றிய தீர்ப்புதான் என்றாலும், தெருவில் நின்று எழுதினால் போதும் என்று எண்ணுபவரைச் சிந்திக்க வைக்க அதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

தேர்வுக் கேள்விகளில் ஒன்று தவறானது என்பது என் உறுதியான கருத்து. அலுவலகத்துக்குத் தாமாக வந்த ஒருவர் ஒரு பிரசாரக் குழுவின் முகவரியைக் கேட்டால் எந்தப் பதிலும் சொல்லக்கூடாது என்பதே சரியான விடை என்கிறார்கள். பொது வளங்களைப் பிரசாரத்துக்குப் பயன்படுத்துவதைத் தடுக்கும் 8314-ஆம் பிரிவோ, கேட்காமல் வரும் அரசியல் கடிதங்களையும் தொலைபேசி அழைப்புகளையும் பார்வையாளர்களையும் உரிய தனியார் அமைப்புக்குத் திருப்பிவிடுவதைச் சிறு பயன்பாடு என்று வெளிப்படையாகவே விலக்கி வைத்திருக்கிறது. வரவேற்பு மேசையில் இருப்பவரை இப்படித் தேவையின்றி அச்சுறுத்துவது பொதுமக்களுக்கும் நல்லதல்ல. அதே பிரிவு விதிக்கும் தண்டத்தையோ "கடுமையான தண்டனை" என்ற சொல்லோடு முடித்துவிடுகிறார்கள். மீறல் நடந்த ஒவ்வொரு நாளுக்கும் 1,000 டாலர் வரை, அதனுடன் தவறாகப் பயன்படுத்திய வளத்தின் மதிப்பைப் போல மூன்று மடங்கு என்று எண்ணைச் சொல்லியிருந்தால் மனத்தில் நின்றிருக்கும்.

ஊழியர்களை மேற்பார்வையிடுபவர்களுக்கு முதல் பாதிக்காகவே இதைப் பரிந்துரைப்பேன். தேர்தலில் நிற்கப்போகிறவர்கள் இதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். நேர்மையான அரசியல் நடைமுறைகளுக்கான மாநில ஆணையம் கட்டணமில்லாத இணையவழிப் பயிற்சியை வழங்குகிறது. தன் சட்டத்துக்கு உட்பட்ட கேள்விகளை எழுத்தில் கேட்டால் 21 வேலை நாட்களுக்குள் அறிவுரை தரும் கடமையும் அதற்கு உண்டு, தக்க காரணம் இருந்தால் அந்தக் காலம் நீளலாம். உண்மைகளை மறைக்காமல் முன்கூட்டியே கேட்டு, கிடைத்த அறிவுரையின்படி நடந்தவருக்கு, பின்னர் ஆணையம் நடவடிக்கை எடுத்தால் அதுவே முழுமையான காப்பு.

தவறான தேர்வுக் கேள்வியைப் பற்றிப் பயிற்சி நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறேன். அடுத்த குழு பயிற்சியைத் தொடங்கும் முன் நம் நகரத்தின் விதியை முதல் பக்கமாகச் சேர்க்குமாறு நகரச் செயலரிடமும் எழுத்தில் கேட்டிருக்கிறேன்.