வரைபடமா, பிரிண்டரா, ரவையா: எதைக் கட்டுப்படுத்துவது?

கணினிக் கோப்பைக் கொண்டு பிளாஸ்டிக்கில் பொருள் செய்யும் வீட்டு முப்பரிமாண (3D) பிரிண்டரில் துப்பாக்கிப் பாகம் செய்வதைத் தடுக்க மூன்று வழிகள் பேசப்படுகின்றன. கொழும்பில் இருந்து பார்க்கும்போது மூன்றும் எனக்கு ஒரே எடையாகத் தெரியவில்லை.

முதலாவது, துப்பாக்கியின் வரைபடக் கோப்பை வைத்திருப்பதையே குற்றமாக்குவது. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 2015இல் அப்படிச் சட்டம் போட்டது. ஆனால் 2013 மே மாதம் கோடி வில்சன் (Cody Wilson) என்ற அமெரிக்கர், அச்சிடக்கூடிய ‘லிபரேட்டர்’ கைத்துப்பாக்கியின் கோப்பை இணையத்தில் போட்டபோது, அமெரிக்க அரசு தலையிடுவதற்குள் ஏறக்குறைய ஒரு இலட்சம் தடவை அது தரவிறக்கப்பட்டது. பரவிய கோப்பை இனி யார் திரட்டுவது? பிடிபட்டவர் மீது வழக்குப் போட இந்தச் சட்டம் உதவும், அவ்வளவுதான்.

இரண்டாவது, பிரிண்டரைக் கட்டுப்படுத்துவது. வாங்குபவரின் குற்றப் பின்னணியைப் பார்க்கவேண்டும் என்று நியூயோர்க்கில் 2023இல் சட்டமூலம் வந்தது. இதை நான் முழுதாக எதிர்க்கிறேன். 2020 கொரோனாக் காலத்தில் உலகெங்கும் முகக் கவசம் அச்சிட்டுக் கொடுத்தவை இதே வீட்டு இயந்திரங்கள்தான். இங்கே பொறியியல் படிக்கும் பிள்ளை கடன்பட்டு வாங்கும் பொருளுக்கு இன்னொரு அனுமதிப் பத்திரமா?

மூன்றாவது, துப்பாக்கியையும் ரவையையும் (தோட்டாவையும்) வைத்திருப்பதைப் பிடிப்பது. ஜப்பானில் 2014இல் அச்சிட்ட துப்பாக்கிகளுடன் ஒருவர் கைதானார். அவரிடம் ரவை இருக்கவில்லை. கோப்புக்கென்று தனிச் சட்டமும் தேவைப்படவில்லை. இருந்த ஆயுதச் சட்டமே அவருக்கு இரண்டு வருடச் சிறை கொடுத்தது. பிளாஸ்டிக்கில் என்னதான் அச்சிட்டாலும் ரவை இல்லாவிட்டால் அது சுடாது. ரவையைப் பிரிண்டர் தராது.

நமக்கு இதுதான் பொருந்தும். ‘கல்கட்டஸ்’ என்று பொலிஸார் சொல்லும் உள்ளூர்த் துப்பாக்கி பட்டறையில் செய்யப்படுவது, பிரிண்டரில் அல்ல. 2025 பெப்ரவரி 19 அன்று கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்துக்குள் பாதாள உலகப் புள்ளி கணேமுல்ல சஞ்சீவவைச் சுட்ட ரிவோல்வரும் உலோகம்தான். புத்தகத்துக்குள் வெட்டி ஒளித்துக் கொண்டுபோனார்கள். வாசலில் சோதனை ஒழுங்காக நடக்காத ஊரில், பிளாஸ்டிக்கை முதல் எதிரியாக்குவது கவனத்தைத் திருப்பும் வேலை.

அதற்காக அப்படியே விட்டுவிடவும் கூடாது. நம்முடைய துப்பாக்கிக் கட்டளைச் சட்டம் 1916ஆம் ஆண்டினது. அச்சிட்ட பாகமும் அதற்குள் அடங்கும் என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் அதில் எழுதட்டும். அப்புறம், அரச களஞ்சியங்களில் உள்ள ரவைகளை ஒழுங்காக எண்ணி, குறைந்தால் யார் பொறுப்பு என்று பகிரங்கமாகச் சொல்லட்டும்.